உப்புக் கேட்ட கோழி

தூத்துக்குடியில் பலவேசம் என்றொருவர் இருந்தார். வெந்நீர் வைப்பதென்றாலும் மனைவியிடம் வழி கேட்டே வைக்கும் பேராற்றல் படைத்தவர். அந்த மனைவி பொன்னுத்தாய், குளியலறையில் வழுக்கி விழுந்து, வலக்கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை தங்கையைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, அண்ணன் கொம்பையா கோவில்பட்டியிலிருந்து கார் கொண்டுவந்திருந்தார். ஒரு மாதம் அடுப்படியை எட்டிப் பார்க்கவேண்டாம் என்ற நினைப்பிலேயே பொன்னுத்தாய்க்குப் பாதி வலி குறைந்திருந்தது.

பலவேசத்துக்கோ, அவள் போனால் ஒரு வாய் காபிக்கும் வழியில்லை. ஆகவே அவளைப் போகவிடாமல் தடுக்க, தாமே சமைத்துப்போட்டுப் பார்த்துக்கொள்ளும் சமையல் மேதை என்று மைத்துனரிடம் நிலைநாட்டத் துணிந்தார். கொம்பையா கூடத்தில் கண்ணயர்ந்த நேரத்தில், கடையில் சுட்ட கோழியொன்றை வாங்கிவந்தார். பொன்னுத்தாய் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, பாதிக் கோழியைப் பிய்த்து வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டுப் பிரட்டினார். எலும்பைக் கொதிக்கவிட்டு ரசம் வைத்தார். மீதிப் பாதியைத் தட்டில் படுக்கவைத்து, எல்லாம் தம் கைவேலை என்று பரிமாறினார்.

கொம்பையா கோழியைத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன மாப்ளே, நடுவுல ஓட்ட? கடையில கம்பியில கோத்துச் சுத்துவானே, அதுமாதிரில்லா இருக்கு?”

“கம்பியா? ஈட்டி மச்சான்! நாட்டுச் சேவலு. பிடிக்கப் போனேன், பறந்துட்டு. மொட்ட மாடியில நின்னு எறிஞ்சேன். மேகத்துக்குள்ள போயி குத்திட்டுல்லா கீழ வந்துச்சு!”

“மேகம் நனைக்கலையோ?”

“அதான் கறி இம்புட்டு மெதுவா இருக்கு.”

நாட்டுச் சேவலுக்கு இத்தனை கொழுத்த வெள்ளை நெஞ்சு எந்நாளில் வாய்த்தது என்று கேட்கப் பொன்னுத்தாயின் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“இந்த மிளகுப் பிரட்டல் இருக்கே,” என்றார் பலவேசம், “சட்டியில போட்டதும் தெருவே ஒண்ணா தும்மிட்டு. அந்தக் காத்துல துறைமுகத்துல நின்ன கப்பலு கொழும்புல போயி நின்னுச்சு. கேப்டன் போன் போட்டு நன்றி சொன்னாரு, டீசல் மிச்சமாம்.”

“ஒம்ம நம்பர் அவருக்கு எப்படி ஓய் தெரியும்?”

“மணத்த வச்சே கண்டுபிடிச்சிட்டாரு.”

கொம்பையா ரசத்தை உறிஞ்சினார். “சும்மா சொல்லக்கூடாது, ரசம் நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான், பலவேசத்தின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது.

“பக்கத்து வீட்டுத் தாத்தா படுத்த படுக்கை மச்சான். ஒரு கரண்டி குடுத்தேன். சுவரேறிக் குதிச்சுப் போனவரு, இப்பம் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு! அத விடுங்க. கோழி சட்டியில வேகையிலயே ‘உப்புக் கம்மி, இன்னும் ஒரு கல்லு போடு’ன்னுச்சே!”

“தலை வெட்டுன கோழியா?”

“தலை போன பெறகுதான் அதுக்குப் புத்தியே வந்துச்சு.”

கொம்பையா கை கழுவி வந்தார். “தாயீ, மாப்ளே இம்புட்டுச் சமைக்காரு. நீ எதுக்குக் கட்டோட அங்கயும் இங்கயும் அலையணும்? இங்கனயே இருந்துக்கிடேன்.”

பலவேசத்தின் முகம் மலர்ந்தது. ஒரு மாத ஓய்வு கைநழுவுவது பொன்னுத்தாய்க்குத் தெரிந்தது. கோழியை விற்ற கடையின் பெயர் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் ‘ஒங்க அண்ணன் முன்னால என்னை அசிங்கப்படுத்திட்டே’ என்று ஆயுளுக்கும் கேட்கவேண்டியிருக்கும். விழுங்கிவிட்டு, பதற்றமின்றிப் பேசினாள்.

“அண்ணே, நான் போயிட்டா இவுக பட்டினி கெடப்பாகளேன்னுதான் கவலைப்பட்டேன். கோழியே கூட நின்னு பக்குவம் சொல்லுதுன்னா இனி என்ன கவலை? ஒரு மாசம் எதுக்கு, ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேன். பெட்டிய எடுங்க.”

பெட்டி காருக்குப் போயிற்று. பலவேசம் செருப்பின்றி வாசலுக்கு ஓடிவந்தார்.

“மச்சான், நில்லுங்க! அது கடையில வாங்குன கோழி! சத்தியமா எனக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாது!”

கொம்பையா கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“வேய், இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம் பொறுமையா கேட்டேன். அதுக்காக இப்படியா புளுகுவீரு?”