பனிமலை முன்னால் நின்ற நாய்

“குருவே, நெட்டுக்கே கண்ணு அவிஞ்சுபோச்சு!”

மாடிப்படி ஏறி வந்த சவரிமுத்து மூச்சு வாங்கக் கத்தினார். மதுரையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வயது ஐம்பது. குரு நாச்சியாருக்கு முப்பது. வெப்சைட் செய்வதும் செய்யக் கற்றுக்கொடுப்பதும் அவள் தொழில். வித்தை அவளிடம் இருக்கும்போது வயசைப் பார்த்தால் ஆகுமா?

சவரிமுத்துவின் கக்கத்தில் ஒரு நாய் துவண்டு கிடந்தது.

“இதானா அது?”

“இதேதான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சு, என் ஸ்டூடியோ வாசல்ல வந்து படுத்துச்சு. அன்னைக்கிருந்து தண்ணியத் தவிர ஒண்ணும் உள்ள போகலை. பால் வச்சேன், கறி வச்சேன், பிஸ்கட்டைக் கையால ஊட்டிப் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிடுது. இப்படியே போனா பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வளர்த்தவன் வந்தாத்தான் திங்கும். அவனும் எங்கயாவது கிடந்து தேடிக்கிட்டுத்தானே இருப்பான்?”

“இருப்பான்.”

“நீங்க சொல்லிக்கொடுத்தபடி ஒரு பக்கம் போட்டேன். படம் போட்டேன், வீடியோ போட்டேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை!”

“காட்டுங்க.”

காட்டினார். பெருமையோடுதான் காட்டினார்.

அடேயப்பா! பின்னால் பனிமலை. முன்னால் ரோஜாப்பூ. நடுவில் நாய். கண்டெடுத்த இடம், ஸ்டூடியோ விலாசம், போன் நம்பர் அத்தனையும் தங்கக் கலர் எழுத்தில் படத்துக்குள்ளேயே மின்னின. கல்யாண பிளக்ஸ் தோற்றது. படத்துக்கு வெளியே ஒரு வார்த்தை இல்லை.

“படத்துக்கு என்ன பேரு வச்சு ஏத்துனீங்க?”

“பனிமலை ரோஜா ஃபைனல் ரெண்டு.”

நாச்சியார் கீபோர்டை இழுத்தாள். தேடுபொறியில் ‘மதுரை காணாமல் போன நாய்’ என்று தட்டினாள். என்னென்னவோ நாய்கள் வந்தன, இது வரவில்லை. ‘பனிமலை ரோஜா’ என்று தட்டினாள். வந்துவிட்டது! காலண்டர் படங்களுக்கு நடுவே சவரிமுத்துவின் நாய் ஜம்மென்று நின்றது.

“அட நாசமாப் போக!”

“கைக்குட்டை குடுங்க அண்ணே.”

வாங்கித் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கை கீபோர்டுக்குப் போனது.

“இப்ப நான்தான் தேடுபொறி. படம் தெரியாது, எழுதினாத்தான் தெரியும். உங்க படத்துல என்ன இருக்கு?”

“நாய்.”

“ஊர்ல திரியறதெல்லாம் நாய்தான்.”

“அழகான நாய்.”

“தொலைச்சவன் அழகையா தேடுவான்?”

சவரிமுத்துவுக்கு வேர்த்தது. மடியில் கிடந்ததை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“செம்மண் கலரு. நெத்தியில வெள்ளை. ஆண் நாய். வயசானது. வலது காது நுனி கிழிஞ்சிருக்கு.”

படபடவென்று அடித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“படத்துல காது முழுசா இருந்துச்சே?”

“அது... நான் ஒட்டிட்டேன்.”

“என்னது?”

“டச்சப் பண்றப்ப சரி பண்ணிட்டேன் குருவே. கல்யாணப் பொண்ணுக்கு மருவை எடுத்து எடுத்து, கை தானாப் போயிருச்சு.”

நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வீடியோல என்ன கேக்குது?”

“பாட்டு. சோகப் பாட்டு. கேட்டா கண்ணுல தண்ணி வரும்.”

“பாட்டுக்கு அடியில?”

“அடியில என்ன, தெருச் சத்தம். அதை எடுத்துட்டேன்.”

“ஒரிஜினலைப் போடுங்க.”

போனில் இருந்தது. ஓடவிட்டார். ஆட்டோ போனது. பக்கத்துக் கடையில் யாரோ டீ கேட்டார்கள். பிறகு தூரத்தில் டிங் டிங் டிங்.

மடியில் துவண்டு கிடந்த நாய் விசுக்கென்று தலையைத் தூக்கியது.

“ஐயோ குருவே!”

“என்ன? எனக்குத் தெரியலை, சொல்லுங்க!”

“எந்திரிக்குது! வீடியோலயும் எந்திரிக்குது, இங்கயும் எந்திரிக்குது! காது விடைக்குது, வால் ஆடுது, வாசலைப் பாக்குது!”

“எதைக் கேட்டு?”

“மணி! எங்க தெருவுல வர்ற பஞ்சுமிட்டாய்க்காரன் மணி! அட கடவுளே, அது மேலயா நான் பாட்டைப் போட்டு மூடினேன்!”

அவர் கத்தக் கத்த, அவள் கண்கட்டோடு அடித்துக்கொண்டே போனாள். படத்தின் பெயரில், படத்துக்குக் கீழே, வீடியோவுக்குக் கீழே, அவர் வாயில் வந்தது அத்தனையும் எழுத்தாக ஏறியது. சவரிமுத்து பனிமலையைத் தூக்கி எறிந்தார். காதைப் பழையபடி கிழித்தார். பாட்டை எடுத்துவிட்டு மணியை விட்டார்.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. நாய்க்கு நிற்கத் தெம்பு போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் காலையில் நாச்சியாரின் போன் அடித்தது.

“குருவே!”

“அண்ணே... நாய்க்கு ஏதும்...”

“ஆள் கிடைச்சாச்சு குருவே! பஞ்சுமிட்டாய் விக்கிறவரு. சிவகங்கைப் பக்கம். திருவிழாவுக்கு விக்க வந்த இடத்துல தொலைச்சிருக்காரு. அவரு மக ‘பஞ்சுமிட்டாய் மணி, காது கிழிஞ்ச நாய்’னு தேடியிருக்கா. நம்ம பக்கம் மொத ஆளா வந்து நின்னுருக்கு! இந்தா, தெரு முக்குல பஸ்ஸை விட்டு எறங்குறாரு!”

“வீடியோ கால் போடுங்க அண்ணே! நான் பாக்கணும்!”

“வேணாம் குருவே. கண்ணை மூடிக்கங்க. நான் சொல்றேன்.”

அவள் மூடிக்கொண்டாள்.

“நீலக் கட்டம் போட்ட சட்டை. கால்ல ஒத்தைச் செருப்பு, இன்னொண்ணு ஓடி வர்றப்ப கழண்டு நடு ரோட்டுல கிடக்கு. கையில பித்தளை மணி. தூக்குறாரு. இந்தா அடிச்சிட்டாரு.”

போனுக்குள் டிங் என்று கேட்டது.

“நாய் எந்திரிச்சிருச்சு. விழுகுது. மறுபடி எந்திரிக்குது. படியத் தாண்டிருச்சு குருவே. அவரு மண்ணுல உக்காந்துட்டாரு. பையில இருந்து பொட்டலத்தைப் பிரிக்கிறாரு. பஞ்சுமிட்டாய். ஒரு விள்ளல் பிச்சு உள்ளங்கையில வச்சு நீட்டுறாரு. நாய் மோந்து பாக்குது...”

நாச்சியார் போனைக் காதோடு அழுத்தினாள்.

“அண்ணே? அப்புறம்? சொல்லுங்கண்ணே!”

“திங்குது குருவே. திங்குது!”