அனுமதி இல்லாமல் தொடக் கூடாது

முதலில் சத்தம்தான் வந்தது.

மாடிப்படிக்குக் கீழேயே கேட்டது. கிளம்ப முடியாத விமானம் ஒன்று மூன்றாம் மாடியில் நின்று இரைவதுபோல.

தில்ஷாத் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார்.

கதவைத் திறந்தவள் அருளப்பனின் மனைவி அமலி. காதில் பஞ்சு. கையில் பாதி மடித்துத் தைத்த ரவிக்கை.

“நெட்வொர்க் கிளாஸ் மேடம்தானே? உள்ள வாங்க. கூப்பிட்டா இவருக்குக் கேக்காது. கையை ஆட்டுங்க.”

தில்ஷாத் கையை ஆட்டினார்.

அருளப்பன் எழுந்து கும்பிட்டார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். வருடக்கணக்காக இரவில் விழித்த கண்கள். தில்ஷாத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆசிரியைக்குச் சமவயதான மாணவர் அவர் ஒருவர்தான்.

“வந்ததும் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம். இன்னும் நான் என்ன வாங்கணும்?”

சுவரோரம் இரும்புச் சட்டத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழற்றி விற்ற, கணினிகளை இணைக்கும் ஸ்விட்சுகள், ரவுட்டர்கள். ஏசி அறைக்கென்று செய்தவை. இந்த வீட்டு வெக்கையில் அவற்றின் விசிறிகள் உயிரைக் கொடுத்துச் சுற்றின.

“எதுக்கு வாங்கணும்?”

“பரீட்சைக்குத்தான். கடையில ஒரு ஃபயர்வால் பெட்டி எடுத்து வச்சிருக்காங்க. வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இல்ல, இன்னொரு ரவுட்டரே போதுமா? சில பேர் பெட்டியே இல்லாம எல்லாத்தையும் லேப்டாப்புக்குள்ளயே ஓட்டிப் படிக்கிறாங்களாம், அது சரிவருமா? வேலையில உக்காந்தாக்கூட இதே நெனப்பு.”

“பரீட்சை எப்ப?”

“வீட்டுலயே கட்டற இந்த லேப் முடிஞ்சதும்.”

“லேப் எப்ப முடியும்?”

“அதைத்தான் மேடம் உங்களைக் கேக்கறேன்.”

பஞ்சையும் மீறி அமலிக்கு வேண்டியது கேட்டுவிடும். அடுக்களையிலிருந்து கத்தினாள்.

“என் தையல் மிஷின் கேஸ் அடுப்புப் பக்கம் வந்தாச்சு மேடம். அடுத்தது நான் மொட்டை மாடிக்குப் போனா லேப் முடிஞ்சிடும். தைக்கிற ரவிக்கை பூரா தாளிச்ச வாசம். வாங்கிட்டுப் போறவங்க கேக்கறாங்க, என்னக்கா இன்னிக்கு ரசமான்னு.”

தில்ஷாத் சிரித்தார். அருளப்பன் சிரிக்கவில்லை.

“மேடம், நான் பாக்கறது கண்காணிப்பு ரூம் வேலை. ராத்திரி பூரா திரையைப் பாத்துட்டு இருக்கணும். எங்கயாவது சிவப்பு எரிஞ்சா இன்ஜினியருக்குப் போன் போடணும். அவ்வளவுதான். கை வைக்கக் கூடாது. இந்தப் பரீட்சை பாஸ் பண்ணினா பகல் வேலைக்கு எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. எல்லாரும் தூங்கறப்ப நானும் தூங்கணும் மேடம். வேற ஆசை ஒண்ணும் இல்ல.”

தில்ஷாத் பெட்டிகளின் முன் குனிந்தார். எல்லா விளக்கும் பச்சை. பக்கத்து மேசையில் லேப்டாப். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை ‘இருக்கிறாயா’ என்று கேட்க, அது ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் பதில்கள் திரையில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தன.

“நல்லா ஓடுதே.”

“மாட்டின நாள்லேருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்ல.” அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “கரண்ட் போனாக்கூட நிக்காது. பேட்டரி போட்டிருக்கேன்.”

“கட்டளையெல்லாம் நீங்களே அடிச்சு ஏத்தினதா?”

“ஒரு வீடியோவுல இருந்துச்சு. அப்படியே எடுத்து ஒட்டிட்டேன். தப்பு வந்துடக் கூடாதில்ல.”

சட்டத்தின் நெற்றியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

“இது என்ன?”

“எங்க ஆபீஸ் சர்வர் ரூம்ல இப்படித்தான் ஒட்டியிருக்கும்.”

“அதுக்கு அடியில பெருக்கறதுக்கும் எனக்கு அனுமதி வேணும்,” என்றாள் அமலி.

தில்ஷாத் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டுல அனுமதி யார் குடுக்கணும்?”

அருளப்பன் யோசித்தார். யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

“நான்தான்.”

“யாருக்காவது குடுத்திருக்கீங்களா?”

அருளப்பன் அட்டையின் மேலெழும்பிய மூலையை அழுத்தி ஒட்டினார்.

“ஒரு டீ கிடைக்குமா?” என்றார் தில்ஷாத்.

அருளப்பன் டீயுடன் திரும்பியபோது ஒரு விளக்கு அணைந்திருந்தது. திரையில் பதில்கள் நின்றுபோயிருந்தன. தில்ஷாத் ஜன்னலோரம் நின்று, எதிர்வீட்டில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை எங்கே வைத்தோம் என்று அருளப்பனுக்கே தெரியாது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போனை எடுத்தார். பெயரைத் தேடி அழுத்தினார். காதில் வைத்தார்.

தில்ஷாத்தின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

தில்ஷாத் எடுத்தார். இருவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்.

“அலோ?”

“மேடம், லிங்க் போயிடுச்சு.”

“எங்கேருந்து பேசறீங்க?”

“பெட்டி முன்னாடிதான் நிக்கறேன்.”

“அங்க அதைத் தொட அனுமதி உள்ளவங்க யாராவது இருக்காங்களா?”

அருளப்பன் சுற்றிப் பார்த்தார். சுவர். அட்டை. அடுக்களை வாசலில் ரவிக்கையோடு அமலி. பிறகு தன் கையைப் பார்த்தார்.

“இருக்காரு.”

“அவரைப் பாக்கச் சொல்லுங்க.”

தில்ஷாத் போனை வைத்துவிட்டார்.

அருளப்பன் முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றினார். எரியவில்லை. லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியாக, உன் கதை என்ன, உன் கதை என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். சொன்னதையெல்லாம் வாசித்தார். இப்படி அவர் அவற்றைக் கேட்டதே இல்லை.

ஒரு வரியில் நின்றார். கேபிள் நுழையும் ஒரு வாசல் கட்டளையால் மூடப்பட்டிருந்தது.

அதைத் திறக்கும் சொற்கள் அவருக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தவைதான். விரல் மட்டும் ஒருநாளும் அடித்ததில்லை.

அடித்தார்.

விளக்கு மஞ்சளாகி, நிதானித்து, பச்சையானது. திரையில் பதில்கள் இறங்கத் தொடங்கின.

அருளப்பனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையோ என்று அமலி ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தில்ஷாத் டம்ளரைத் தேடி எடுத்து, மேலே படிந்த பாலாடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஆறிய டீயைக் குடித்தார்.

“இன்னொண்ணு கெடுக்கட்டுமா?”

“வேணாம் மேடம்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நானே கெடுத்துக்கறேன்.”

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே விலாசத்தைக் கொடுத்தார். என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. ஆனது. திரை முழுக்கப் புகார். வாசித்தார், திருத்தினார், அடுத்ததைக் கெடுத்தார். மேடம் எழுந்ததையே அவர் கவனிக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும் தில்ஷாத்திடம் ஓடி வந்தார்.

“மேடம், லேப்டாப்புக்குள்ளயே ஓட்டறதுன்னு கேட்டேனே. அதுல சத்தம் வராதில்ல?”

“வராது.”

“இந்த மாதிரி கெடுக்க முடியுமா?”

“இதைவிட மோசமா.”

தில்ஷாத் படியிறங்கினார். பாதிப் படி இறங்கியபோது மேலே ஒரு விசிறி நின்றது. பிறகு இன்னொன்று. தெருவுக்கு வந்தபோது மூன்றாம் மாடி எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியவில்லை.

வீட்டில் போன் அடித்தது. அது அடிப்பது அமலிக்கும் கேட்டது. காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

கடைக்காரர்தான்.

“அண்ணே, ஃபயர்வாலைக் கட்டி வைக்கட்டா?”

“வேணாம் தம்பி.”

“வேற எங்கயாவது கெடச்சிடுச்சா?”

“இல்லப்பா. இருக்கறதையே நான் இன்னும் ஒழுங்கா கெடுத்து முடிக்கல.”

கடைக்காரர் சரிண்ணே என்று போனை வைத்தார்.

“கெட்டுப்போச்சா?” என்றாள் அமலி.

“நாலஞ்சு தடவை.”

“சந்தோஷத்தைப் பாரு.”

“இந்த வாரம் பரீட்சைக்கு எடம் இருக்கான்னு பாக்கறேன். மொதல்ல அந்தப் பக்கம் பிடி.”

இருவரும் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் வைத்தார்கள். ஒரு கால் ஆடியது. அமலி சட்டத்தின் நெற்றியிலிருந்து அட்டையை உரித்தாள். நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

ரவிக்கையின் மீதி மடிப்பை ஊசிக்கு அடியில் நீட்டிப் பிடித்து, மிதித்தாள்.