ஏரி நடுவே கூடிய சபை

வெகு காலத்துக்கு முன்னால், யாரையும் எதுவும் கேட்காமலே ஆணை போடுகிற ராஜா ஒருவர் வேம்பாற்று நாட்டை ஆண்டு வந்தார். திகழ்முடியார் என்று பெயர். காலையில் சிரிப்பார், மாலையில் சீறுவார், நடுவில் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் தலைநகரத்துக்கு ஏரி வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆற்றை மறித்துக் கரை கட்டினார். ஏரி நிரம்பியது. அதற்குள் குறிஞ்சாக்குடி என்ற ஊர் முழுகிப் போனது.

ஊர்ச்சனம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தலைநகரத்தின் கீழவாசலில் வந்து குடிசை போட்டது. அங்கே சாயப்பட்டறைக் கழிவுநீர் குடிசைகளுக்கு நடுவே ஓடியது. ஒருநாள் பிள்ளைகளின் கால் நீலம், மறுநாள் சிவப்பு. வாய்க்காலைத் திருப்பச் சொல்லலாம் என்றால், ஓர் ஊரின் எல்லைக்குள் இருக்கிற நீர் எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஊர்ச் சபைதான் முடிவு செய்யும். அந்த நாட்டுப் பழைய வழக்கம் அது. ராஜாகூடத் தலையிட மாட்டார். கீழவாசலுக்கும் ஒரு சபை உண்டு. அதற்கு ஆள் எடுப்பது குடவோலையில். பெயர்களை ஓலைநறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குறிஞ்சாக்குடிக்காரர்களின் பெயரை மட்டும் குடத்துப் பக்கமே விடவில்லை.

அவர்களில் பொன்னுருவி என்று ஒரு பரிசல்காரி இருந்தாள். வாய்க்காரி. நேரே அரசவைக்குப் போய் நின்றாள்.

“மகாராஜா, எங்க பேரை உள்ள போட்டா குடம் உடைஞ்சிருமா?”

ராஜா குபீரென்று சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஏகவீரருக்கு வயிறு எரிந்தது. சட்டம் பார்க்கிற அதிகாரி அவர். ராஜாவைச் சிரிக்க வைக்கிற உரிமை தனக்கு மட்டுமே என்று நினைப்பவர்.

“சொந்த மனையில் வீடு இருப்பவர்களுக்குத்தான் ஓலை. உன் மனை எங்கே?” என்றார்.

“குறிஞ்சாக்குடியில, சாமி.”

“பிறகென்ன? அங்கே போய்ப் போடு உன் ஓலையை!”

“ஊரு தண்ணிக்குள்ள கெடக்குதே?”

“கிடக்கட்டும்! தண்ணீருக்குள் இருந்தாலும் ஊர் ஊர்தான். அதன் எல்லையை எடுத்தோமா? சபையைக் கலைத்தோமா? எல்லாம் அப்படியே இருக்கிறது!”

அவையே கைகொட்டிச் சிரித்தது. பொன்னுருவி மட்டும் ராஜாவைப் பார்த்தாள். “நீங்களும் அதையேதான் சொல்றீங்களா?”

“ஆமாம், ஆமாம். உங்கள் ஊர், உங்கள் சபை. போய் நடத்திக்கொள்ளுங்கள்” என்றார் ராஜா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

“மகராசனா இருங்க!” ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஏகவீரர் மீசையை முறுக்கினார்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. ஏரியில் படகு விழா. மேளம், தாளம், அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு அரசப் படகு நடு ஏரிக்கு வந்தால், அங்கே ஒரே கூச்சல். வட்ட வட்டமாகப் பரிசல்கள். நடுவில் மடியில் குடத்தோடு பொன்னுருவி.

“யோவ், பரிசலைத் தள்ளிப் போடு! என் அடுப்படி மேல நிக்கிற!”

“உன் அடுப்படி அங்கிட்டு இருக்கு. இது எங்க மாட்டுக்கொட்டகை!”

“செத்த நேரம் வாயை மூடுங்க. கோயில் மேல மெதந்துக்கிட்டு என்ன சண்டை?”

ஒரு கிழவர் மட்டும் தன் வீடு இருந்த இடத்துக்கு மேலே குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

“வழி விடுங்கள்! ராஜா வருகிறார்!” என்று கத்தினார் ஏகவீரர்.

பொன்னுருவி எழுந்து கையை உயர்த்தினாள். “சபை கூடியிருக்கு சாமி. அனுமதி இல்லாம யாரும் எல்லைக்குள்ள வரப்படாது.”

அதுவும் பழைய வழக்கம்தான். துடுப்புக்காரர்கள் துடுப்பை மேலே எடுத்துவிட்டார்கள். படகு நின்றது. வெயில் ஏறியது.

“என் ஏரியில் எனக்கே அனுமதியா?” என்று சீறினார் ராஜா.

“உங்களுக்கு இந்த ஊருல மனை இருக்கா மகாராஜா?”

“இல்லை.”

“அப்ப ஓரமா உக்காந்து கேளுங்க. பேசப்படாது.” அவள் சபைப் பக்கம் திரும்பினாள். “நம்ம எல்லைக்குள்ள தண்ணி நிறைஞ்சு போச்சு. மதகைத் திறந்து மொத்தத்தையும் கடலுக்கு விட்டுரலாமா?”

“விட்டுரலாம்!” என்றது சபை.

ராஜா துள்ளி எழுந்தார். “ஐயோ! என் நகரம் முழுக்க இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறது! ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“கேக்கணும்தான், மகாராஜா. நம்ம வாசல்ல ஓடுற தண்ணிக்கு யாரோ முடிவு பண்றாங்க, நமக்கு அங்க வாயே இல்லைன்னா எப்படி இருக்கும்?”

ராஜா குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“தோற்றேன், தாயே! இனி அடுப்பு எரிகிற இடம்தான் சொந்த ஊர். எங்கே சோறு பொங்குகிறீர்களோ அங்கே உங்கள் ஓலை விழும். மதகை மட்டும் விட்டுவிடு!”

“மகாராஜா, மனை வேண்டுமே, சட்டம்…” என்று இழுத்தார் ஏகவீரர்.

“ஓ, உமக்கு மனை இங்கே கொடுத்துவிட்டேன். எல்லாம் அப்படியே இருக்கிறது என்றீரே, இறங்கிப் பார்த்துவிட்டு வாரும்.”

“எ… எனக்கு நீச்சல் தெரியாது!”

“பயப்படாதீங்க சாமி” என்று பரிசலை அருகே கொண்டுவந்தாள் பொன்னுருவி. “போக்கிடம் இல்லாம வந்தவங்களுக்கு இடம் குடுக்கறது எங்க ஊர் வழக்கம்.”

ஏகவீரர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பரிசல் அவரைக் கரை சேர்க்கும்வரை சுற்றிச் சுற்றியே போனது. படகில் இருந்த சர்க்கரைப் பொங்கல் அன்று பரிசல்களுக்கு இறங்கியது.

அடுத்த குடவோலையில் கீழவாசல் சபைக்குக் குறிஞ்சாக்குடிப் பெயர்களும் வந்தன. பொன்னுருவியின் பெயரும் வந்தது. முதல் கூட்டத்திலேயே வாய்க்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சாயக்காரர்கள் கத்தினார்கள், குயவர்கள் கத்தினார்கள், கடைசியில் வாய்க்காலைத் தெற்கே திருப்புவதென்று முடிவானது. அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள்.

கீழவாசலிலேயே பிறந்து வளர்ந்த எண்ணெய் வியாபாரி ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

“அட, உட்காருங்கம்மா! உங்க முறை எப்பவோ முடிஞ்சது. அடுத்த ஆள் பேசட்டும்!”

‘உங்க முறை’ என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னுருவி முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தாள். எதற்கு இந்த அம்மா இப்படிச் சிரிக்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.