பெரிய சாரின் பாஸ்வேர்ட்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்து பிள்ளைகளின் மார்க்கையெல்லாம் மாற்றிவிட்டார்கள். பழி போட ஆள் தேடிய தலைமையாசிரியர் ஞானப்பிரகாசத்துக்கு, அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் தன் அறையைக் கூட்டுகிற செங்கமலம் அகப்பட்டாள்.

“பாஸ்வேர்ட் எனக்கும் கிளார்க்குக்கும்தான் தெரியும். நீதான் எட்டிப் பார்த்திருக்கே. வேற ஒருத்தருக்காவது தெரியும்னு மணி அடிக்கிறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!”

பதினோரு வருஷத்து வேலை. ஆனாலும் செங்கமலம் நிதானமாகக் கேட்டாள்: “ஒருத்தர் போதுமா சார்?”

ஜன்னலருகே போய் எதிர் வகுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“பிள்ளைகளா, பெரிய சார் கம்ப்யூட்டர் என்ன சொன்னா திறக்கும்?”

நாலாம் வகுப்பு மொத்தமும் வாய்ப்பாட்டு ராகத்தில் பாடியது: “ஞானம் ஒண்ணு ரெண்டு மூணு!”

செங்கமலம் சாரின் பக்கம் திரும்பினாள்.

“தினம் காலையில நீங்க மறந்துபோய் இங்கேருந்து கேட்கறீங்க, கிளார்க் சார் அவர் ரூம்லேருந்து கத்தறாரு. அதுங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. நாளைக்கு நான் வரலாமா சார்?”

“வா, வா.”

செங்கமலம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சார் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல அந்த ஜன்னலைச் சாத்தும்மா.”