நாலு பெட்டியில் எதை வாங்க?

“நாலுல எதை வாங்கணும்னு மட்டும் சொல்லுங்கம்மா. நான் போயிருதேன்” என்றார் அருமைநாயகம்.

மேசைமேல் ஒரு தாளை விரித்தார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதிய தாள். குடிநீர் வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடு கோணினாலும் தாளையே மாற்றிவிடுவார்.

எதிரே இருந்தவர் பெனாசிர். வயது முப்பத்தாறு. தென்மாவட்டத் தியேட்டர்களுக்கு ஒலியைச் சரிபார்த்துக் கொடுக்கிறவர். பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் அவருடைய பட்டறை. எதையும் விற்பதில்லை. அதனாலேயே ஆட்கள் தேடி வந்தார்கள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒரு ஒயர் முனையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பெட்டி?”

“டி.எஸ்.பி. பெட்டிம்மா. வீட்ல இருக்க சப்வூஃபருக்கு.”

“எதுக்கு?”

இது என்ன கேள்வி என்றிருந்தது அருமைநாயகத்துக்கு. சப்வூஃபர் என்கிற ஸ்பீக்கரின் அடிச்சத்தம் அறைக்குள் ஒரு சுரத்தில் குமுறும், இன்னொரு சுரத்தில் காணாமல் போகும். அதைக் கூட்டிக் குறைத்துத் திருத்துகிற சின்னப் பெட்டிதான் டி.எஸ்.பி. ஊருக்கே ஒலி சொல்லிக்கொடுக்கிறவருக்கு இது தெரியாதா?

“பேஸ் சரியா வரலம்மா. ரெண்டு சப்வூஃபர், நானே பலகை அறுத்துச் செஞ்சது. மூணு மாசமா சந்தையில உள்ள பெட்டி எல்லாத்தையும் படிச்சுட்டேன். ஆறாயிரத்துக்கும் இருக்கு, அறுபதாயிரத்துக்கும் இருக்கு. பென்சன்காரனுக்குக் கட்டுபடியாகிறது இந்த நாலுதான்.”

“யாருக்குச் சரியா வரல?”

அருமைநாயகம் தாளின் ஓரத்தை நீவினார்.

“வீட்ல அவளுக்கு.”

அவருடைய மனைவி ஜெபமணி இருபத்தேழு வருஷம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆர்கன் இருப்பது மேல்மாடத்தில். ஏறுவதற்குச் செங்குத்தான பதினெட்டுப் படி. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனபிறகு அந்தப் படி அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆர்கனில் மிக ஆழமான சுரங்கள் கையில் கிடையாது, காலால் மிதிக்கும் கட்டைகளில்தான் இருக்கின்றன. “அது காதுல கேக்குற சத்தம் இல்ல. தரையில இருந்து ஏறி வரும்” என்று ஒருநாள் ஜெபமணி சொன்னார். மறுநாளே அருமைநாயகம் பலகை வாங்கப் போய்விட்டார்.

“அவங்க என்ன சொல்லுதாங்க?”

“நல்லாருக்குன்னு சொல்லுதா. ஆறு மாசமா அதையேதான் சொல்லுதா.” அவர் குரல் இறங்கியது. “பாட்டு முடியுததுக்குள்ள எந்திரிச்சுப் போயிருதா. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு.”

பெனாசிர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

“அளந்து பாத்தீங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அருமைநாயகம் காத்திருந்தார். பையிலிருந்து இன்னும் பன்னிரண்டு தாள்கள் வெளியே வந்தன. மைக் வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கலரில் அச்செடுத்த வரைபடங்கள்.

பெனாசிர் முதல் தாளை மட்டும் பார்த்தார்.

“மைக் எங்க இருந்துச்சு?”

“என் நாற்காலியில.”

பெனாசிர் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவர் கையிலேயே கொடுத்தார்.

“சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் எதுவும் வாங்கிராதீங்க.”

மாடிப்படி இறங்கும்போது அருமைநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. நாலில் ஒன்றைத் தொட்டுக் காட்ட எவ்வளவு நேரமாகும்?



நீளமான கூடம். டி.வி.யின் இரண்டு பக்கமும் இரண்டு சப்வூஃபர். அருமைநாயகத்தின் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தது. ஜெபமணியின் நாற்காலி கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர்கீழே.

“டீ குடிக்கீங்களாம்மா?” என்றார் ஜெபமணி.

“பொறவு குடிக்கேன் ஆன்ட்டி. முதல்ல பாட்டைப் போடுங்க சார்.”

ஆர்கன் ஒலித்தது. அருமைநாயகம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையை உயர்த்திக் காட்டினார். இதோ, இந்தச் சுரம்தான், குமுறுகிறது பாருங்கள் என்று.

“சார், ஆன்ட்டி நாற்காலியில உக்காருங்க.”

“அதுலயா?”

“அதுலதான்.”

ஆறு மாதத்தில் அவர் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார்.

குமுறல் நின்றுவிட்டது. கூடவே ஆர்கனின் அடிப்பாகமும் போய்விட்டது. மேலே சன்னமாக விரல் சத்தம் மட்டும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரே ஒரு வீட்டுக் குழாயில் மட்டும் வெறுங்காற்று வருமே, அந்த மாதிரி இருந்தது.

“அடிச்சத்தம் எங்கம்மா போச்சு?”

“உங்க நாற்காலிக்கு.”

அருமைநாயகம் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”

“கையெல்லாம் பலகைச் சிராய் குத்திக்கிட்டு ராப்பகலா செஞ்சீங்க. என்னத்தைச் சொல்ல?”

அருமைநாயகம் பெனாசிர் பக்கம் திரும்பினார்.

“பெட்டி வந்தா சரியாயிரும்லா? அந்தச் சுரத்தை மட்டும் கூட்டிவிட்டா?”

பெனாசிர் தன் பையிலிருந்து ஒரு டி.எஸ்.பி.யை எடுத்து இணைத்தார். அந்தச் சுரத்தைக் கூட்டினார். சப்வூஃபரின் கூம்பு துடித்தது. இன்னும் கூட்டினார். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“வருதா சார்?”

“வரலியே.”

“கூட்டிட்டேன்.”

“வரலம்மா.”

“சுவர்ல மோதித் திரும்புத சத்தமே இந்த இடத்துல அதை அழிச்சிருது. எவ்வளவு கூட்டினாலும் வராது” என்று சொல்லிப் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டார் பெனாசிர்.

பிறகு ஒரு சப்வூஃபரைத் தூக்கச் சொன்னார். இருவருமாகத் தூக்கினார்கள். அதை ஜெபமணியின் நாற்காலியில் உட்காரவைத்தார். பாட்டைப் போட்டார்.

“இப்ப நீங்க அது இருந்த உயரத்துக்கு இறங்கித் தேடுங்க. எங்க நல்லாக் கேக்கோ, அங்க நில்லுங்க. சப்வூஃபரை அங்க வச்சா இந்த நாற்காலியிலயும் அப்படியே கேக்கும்.”

“இறங்கின்னா?”

பெனாசிர் தரையைக் காட்டினார்.

அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்காலையும் கையையும் ஊன்றினார். கூடத்தின் ஓரமாகத் தவழ ஆரம்பித்தார்.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“பல்லு முளைச்சிருச்சா பாருங்கம்மா, உங்க சாருக்கு!”

அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தவழ்ந்தார். டி.வி.க்குக் கீழே ஒன்றுமில்லை. ஜன்னலடியில் கொஞ்சம் வந்து போனது. பக்கச் சுவரின் நடுவுக்கு வந்தபோது உள்ளங்கை வழியாக ஏதோ ஏறியது. ஆர்கனின் அடி, சத்தமாக இல்லாமல் முழுசாக இருந்தது.

நின்றார். தலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே அவருடைய புத்தக அலமாரி நின்றது.

“இங்கதான் வருது. ஆனா அலமாரி இருக்கே.”

“ஆமா சார். இருக்கு.”

அருமைநாயகம் எழுந்தார். முழங்காலைத் தட்டினார். புத்தகங்களை இறக்க ஆரம்பித்தார். எதிர்ச்சுவரிலும் அதே மாதிரி ஓரிடம் கிடைத்தது. அங்கிருந்த தையல் மெஷினை ஜெபமணி தானே உருட்டி நகர்த்தினார்.

இரண்டு சப்வூஃபரும் இரண்டு சுவரோரத்துக்குப் போயின. பெனாசிர் மைக்கை எடுத்து நீட்டினார். அருமைநாயகம் அதை வாங்கிக்கொண்டு தன் நாற்காலிப் பக்கம் ஓரடி வைத்து, திரும்பினார். ஜெபமணியை நடு நாற்காலியில் உட்காரச் சொல்லி, காது உயரத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அவர் எழுந்தபின் சரியாக அதே உயரத்தில் மைக்கை நிறுத்தினார்.

திரையில் கோடு வந்தது. பள்ளம் இல்லை. ஒரே ஒரு மேடு மட்டும் இருந்தது.

“இப்ப சொல்லுங்க சார். எத்தனை திருத்தம் வேணும்?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இந்த மேட்டைக் கொறைக்க ஒண்ணு. ரெண்டு சப்வூஃபர் சத்தத்தையும் சமமா வைக்க ஒண்ணு.”

“உங்க நாலுல விலை ஆகக் குறைஞ்ச பெட்டி எத்தனை செய்யும்?”

“ஆறாயிரத்துப் பெட்டி. பத்து செய்யும்.”

பெனாசிர் டீ கேட்டார்.



நாலாம் நாள் பெட்டி வந்தது. பெனாசிர் மத்தியானம் வந்து பத்தே நிமிஷத்தில் வேலையை முடித்தார்.

ஜெபமணி நடுவில் உட்கார்ந்தார். அருமைநாயகம் பின்சுவரோரம், தன் நாற்காலிக்குப் போனார். பாட்டுத் தொடங்கியது.

முதல் ஆழமான சுரம் வந்தபோது ஜெபமணியின் முதுகு நிமிர்ந்தது. வலது கால் செருப்பைக் கழற்றியது. இடது காலும் கழற்றியது. பிறகு இரண்டு பாதமும் தரையில் அசைய ஆரம்பித்தன, குதிகால், விரல், குதிகால் என்று, இல்லாத கட்டைகளை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு. கண் மூடியிருந்தது.

அருமைநாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனாலும் பொறியாளர் இல்லையா? காதைச் சாய்த்துக் கேட்டார். பெனாசிரைக் கைகாட்டி அழைத்து, தணிந்த குரலில் சொன்னார்:

“இந்த நாற்காலியில இப்ப கொஞ்சம் கம்மியா இருக்கேம்மா.”

பெனாசிர் காதில் விழாததுபோல ஒயரைச் சுருட்டினார்.

ஜெபமணி கண்ணைத் திறக்கவில்லை. காலும் நிற்கவில்லை.

“அங்க உக்காந்து என்ன செய்யுதீங்க?” என்றார். “பாட்டு இங்கல்லா இருக்கு.”