மயானத்தில் அடித்த தண்டோரா

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள்; முன்னொரு காலத்தில் நடந்தது, அது போதும். அந்த ராஜாவுக்கு வழக்கு கேட்பதென்றாலே கொட்டாவி வரும்.

ஒருநாள் அரண்மனை வாசலில் ஊரே திரண்டு நின்றது. அத்தனை பேர் மேலும் புங்க எண்ணெய் நாற்றம். மாசிலாமணி என்ற வணிகன் நல்லெண்ணெயில் புங்க எண்ணெயைக் கலந்து விற்றிருந்தான். தலையில் தேய்த்தவர்களை ஈகூட நெருங்கவில்லை.

ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார். "எல்லோருக்கும் ஒரே குறைதானே? ஒருவர் பேசட்டும். ஒரே தீர்ப்பு, அனைவருக்கும் பொருந்தும்!"

முறுக்கு விற்கும் செங்கமலத்தை எல்லோரும் முன்னால் தள்ளினார்கள்.

"சாமி, அந்த எண்ணெயில சுட்ட முறுக்க நாய்கூட மோந்துட்டு ஓடுது. திருவிழா வருது. அதுக்குள்ள நல்ல எண்ணெய் கெடைக்கலன்னா என் அடுப்பு அணைஞ்ச மாதிரிதான். எங்க எல்லாருக்கும் நல்ல எண்ணெய குடுக்கச் சொல்லுங்க."

மந்திரி உத்தண்டராயர் எழுந்தார். "பிரபு, வணிகனுடன் பேசி நானே சமரசம் செய்து வைக்கிறேன். அதைத் தண்டோரா போட்டு அறிவிப்போம். பொழுது சாய்வதற்குள் மறுப்பு சொல்லாதவர்கள் சம்மதித்தவர்களே."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மந்திரிக்குக் கண்ணில் விழுந்த தூசி போன்றவன், சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் தொந்தியப்பன். அவன் மெல்லக் கேட்டான்: "இந்த விதி யாராயிருந்தாலும் பொருந்துமா, மகாராஜா?"

"யாராயிருந்தாலும்!" என்றார் ராஜா, அடுத்த கொட்டாவிக்கு நடுவில்.

மறுநாள் மாலை செங்கமலம் தொந்தியப்பன் வீட்டுக்கு ஓடி வந்தாள். கையில் ஓர் ஓலை நறுக்கு.

"பாருங்கண்ணே அநியாயத்த! மாசிலாமணி தப்பே பண்ணலையாம். ஆனாலும் பெரிய மனசு பண்ணி இந்த ஓலைய தர்றானாம். இதக் கொண்டுபோயி அவன்கிட்டயே இன்னும் ரெண்டு சாடி எண்ணெய் வாங்கினா ஒரு கரண்டி எண்ணெய் இனாமாம்!"

"அதே எண்ணெயா?"

"அதே நாத்தம்தான்! சமரசம் பேசின கூலின்னு மந்திரி வீட்டுக்கு மட்டும் உள்கிடங்கிலேர்ந்து சுத்தமான எண்ணெய் வண்டி வண்டியா போவுது. கேட்டா, நாங்க எல்லாரும் சம்மதிச்சுட்டோம்கிறாங்க. நான் எப்பண்ணே சம்மதிச்சேன்?"

தொந்தியப்பன் தண்டோராக்காரன் மருதையைக் கூப்பிட்டு விசாரித்தான்.

"மந்திரி அய்யா மயானத்துல நின்னு அடிக்கச் சொன்னாருங்க. அடிச்சேன். ஒருத்தரும் எந்திரிச்சு வரல" என்றான் மருதை.

தொந்தியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பறைய எடு மருதை. பொழுது சாயறதுக்கு முன்ன அதே எடத்துல இன்னொரு தடவ அடிக்கணும்."

விடிந்து சபை கூடியதும் அவன் ராஜாவை வணங்கினான். "மகாராஜா, அடியேனும் ஒரு சமரசம் செய்திருக்கிறேன். வணிகர் தம் உள்கிடங்கு எண்ணெயை வீட்டுக்கு ஒரு சாடி வீதம் கொடுக்க வேண்டும். மந்திரி வீட்டுக்குப் போன எண்ணெயும் அதில் சேர்த்தி. பழைய எண்ணெயில் சுட்ட முறுக்கை வணிகரும் மந்திரியும் சபை நடுவே சாப்பிட வேண்டும். நேற்றே தண்டோரா போட்டாயிற்று. பொழுது சாயும்வரை இருவரும் மறுக்கவில்லை."

"பொய்! என் காதில் தண்டோராவே விழவில்லை!" என்று மந்திரி அலறினார்.

"எங்கே போட்டாய்?" என்றார் ராஜா.

"மந்திரியார் போட்ட அதே மயானத்தில்தான், பிரபு. அங்கே போட்டது ஊருக்குக் கேட்குமென்றால் இவருக்கு மட்டும் கேட்காதா?"

ராஜாவுக்குக் கொட்டாவி பறந்தது. மந்திரியைப் பார்த்தார். மந்திரி தரையைப் பார்த்தார்.

"செல்லாது என்றால் இரண்டும் செல்லாது, அப்போது வணிகனைக் கட்டிவைத்து வழக்கை முதலிலிருந்து நானே கேட்பேன். செல்லும் என்றால் இரண்டாவது சமரசமே கடைசிச் சமரசம். எது வேண்டும்?" என்றார் ராஜா.

சபை ஓரத்தில் நின்றிருந்த மாசிலாமணி முன்னால் வந்து கிடங்குச் சாவியை நீட்டினான்.

நண்பகலுக்குள் தெருவெல்லாம் சாடிகள் இறங்கின. செங்கமலத்தின் அடுப்பில் நல்ல எண்ணெய் வாசனையோடு முறுக்கு பொரிந்தது. சபையில் மட்டும் பழைய முறுக்குத் தட்டு வந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மந்திரி ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி இருக்கிறது, மந்திரியாரே?" என்றார் ராஜா.

மந்திரி வாய் நிறைய முறுக்கோடு விழித்தார்.

"மறுப்பு சொல்லவில்லை, மகாராஜா. பிடித்திருக்கிறது போலும். இன்னொரு தட்டு வைக்கட்டுமா?" என்றான் தொந்தியப்பன்.

ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் மேல் எறிந்தார்.