ஆண்டுக்குப் பெயர் வைத்த அரசர்

கேளுங்கள். கடலுக்கு அப்பால் ஜப்பான் தேசத்தில், நம் கொள்ளுப்பாட்டனாரும் பிறக்காத காலத்தில், ஓர் அரசர் இருந்தார். ஆண்டுகளுக்குப் பெயர் வைப்பது அவர் வேலை. ஒரு பெயர் வைத்தால், அடுத்தது வரும்வரை அதன் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்றே எண்ணுவார்கள். கெட்ட காலம் வந்தால் பழைய பெயரை நீக்கிப் புதிது வைப்பார். பெயரோடு பீடையும் போய்விடும் என்று நம்பினார்கள்.

ஒருமுறை மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது.

அரசருக்காக அரண்மனைப் பண்டிதர்கள் நாற்பது நாள் வாதாடி 'நல்ல மழை' என்று பெயர் வைத்தார்கள். தூதன் கோஜிரோ அதை ஊர் ஊராகக் கொண்டுபோனான். மலையடி ஊரில் இஷி என்பவள் அவனை மறித்தாள். புருஷனை நோய்க்குப் பறிகொடுத்தவள். மகள் கிகு மட்டுமே மிச்சம்.

"ஐயா, மேல்கரை ஊரார் பிணங்களை ஆற்றில் தள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். புதைக்கச் சொல்லி அரசர் ஒரு வரி உத்தரவு போடட்டும். என் கிகுவாவது பிழைப்பாள்."

கோஜிரோ போய்ச் சொன்னான். தலைமைப் பண்டிதர் சிரித்தார். "ஆறாவது, தண்ணீராவது! பெயரில் ஓர் எழுத்து சரியில்லை, அவ்வளவுதான்."

இலையுதிர் காலத்தில் 'நீண்ட வாழ்வு' என்ற புதுப் பெயரோடு கோஜிரோ மலையடி ஊருக்கு மறுபடி வந்தான்.

"போன பெயர் அதற்குள் கிழிந்துவிட்டதா, மாமா?" என்று கிகு கேலி செய்தாள்.

"பெயரைக் குடிக்க முடியுமா ஐயா?" என்றாள் இஷி. "மறுபடி சொல்லுங்கள்."

அரண்மனை திரும்பியதும் கோஜிரோ மறுபடி வாயைத் திறந்தான். "கொண்டுபோவதுதான் உன் வேலை, கொண்டுவருவதல்ல," என்றார் பண்டிதர். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறு ஆண்டின் நடுவில் 'நிலைத்த நலம்' வந்தது. வணங்கிக் கேட்க ஊரில் யாரும் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. இடுகாட்டில் இஷி மட்டும் ஒரு பலகையருகே உட்கார்ந்திருந்தாள். அதில் 'கிகு, ஒன்பது வயது. நீண்ட வாழ்வு, இரண்டாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது.

"ஆற்றைப் பற்றிச் சொன்னீர்களா?"

"வாயை மூடச் சொன்னார்கள், அம்மா. மூடிக்கொண்டேன்."

அவள் அழவில்லை. "இப்போது என்ன பெயர்?"

அவன் சொன்னான். புதுப் பெயர் அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்தே செல்லும். பழைய பெயர் எங்கும் இருக்கக்கூடாது என்பது சட்டம். அவன் கத்தியை எடுத்தான்.

"சுரண்டுங்கள் ஐயா. என் மகள் நலத்தில் செத்தாள் என்றே இருக்கட்டும்."

அவன் சுரண்டினான். 'நிலைத்த நலம், முதல் ஆண்டு' என்று எழுதினான்.

அந்த நலம் அறுபது நாள்தான் நிலைத்தது. அதே ஆறுதான் அரண்மனைத் தோட்டத்துக்குள்ளும் ஓடியது. அங்கேயும் அழுகுரல் எழுந்தபோது, மிஞ்சிய பண்டிதர்கள் நான்காம் பெயருக்கு உட்கார்ந்தார்கள். அதைக் கொண்டுபோகக் கோஜிரோ இல்லை. கேட்க இஷியும் இல்லை. பலகையைச் சுரண்ட யாரும் வரவில்லை.

ஆற்றைச் சுத்தம் செய்யாதவர் ஆண்டுக்கு எத்தனை நல்ல பெயர் வைத்தாலும், அதைக் கேட்க ஆள் மிஞ்சாது.